கருவியும் கரமும்

பயன்படுத்தி முடித்த பொருளை மனிதன் என்ன செய்ய வேண்டும் என்னும் வினா பார்வைக்குச் சிறியது. எண்ணிப் பார்த்தால் பெரியது. பயன் தீர்ந்ததும் எறிந்துவிடுவதா? பயன் தந்தது என்பதற்காகவே பேணிக் காப்பதா? தமிழர் இல்லம் இவ்விரண்டுக்கும் இடம் தந்திருக்கிறது. போகியன்று பழையதைக் கழிக்கிறோம். ஆயுத பூசையன்று கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். ஒரே இல்லம், ஒரே ஆண்டு, இருவேறு மனநிலை. எதனைப் போகிக்கு விடுவது, எதனைப் பூசைக்கு வைப்பது என்று எந்த அளவுகோல் கொண்டு தீர்மானிக்கிறோம்? அந்த அளவுகோல் நேர்மையானதுதானா? இவ்வினாவை நாம் ஏட்டில் கண்டு எழுப்பவில்லை. எங்கள் வீட்டுப் பரணில் கண்டோம்.

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தூசியைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மே, சூன் திங்கள்களில் எழும் ‘ஆந்தி’ என்னும் புழுதிக் காற்று, சாத்திய கதவையும் பொருட்படுத்தாமல் உள்ளே புகுந்து, கட்டிலின் மேலும் காப்பி டவராவின் மேலும் ஒரே நிறத்தைப் பூசிவிட்டுப் போகும். 1986ஆம் ஆண்டில் நாங்கள் ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் இருந்தோம். கழுத்தில் டை கட்டிய இளைஞர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் வந்து, எங்கள் மெத்தையின் மீது ஒரு குழாயை இழுத்து, வெளிவந்த தூசியைக் கறுப்புத் துணியொன்றில் கொட்டிக் காட்டினார். இத்தனை நாளும் இதன் மீதா உறங்கினோம் என்று வெட்கினோம். அவர் பேச்சைவிட அந்த வெட்கமே அப்பொறியை விற்றது. தவணை முறையில் ஒரு வேக்குவம் கிளீனர் எங்கள் இல்லத்துக்கு வந்து சேர்ந்தது.

இரண்டே ஆண்டுகளில் அது பரணேறிற்று. குறை பொறியினுடையது அன்று. மொசைக் தரைக்குத் துடைப்பமும் ஈரத்துணியுமே போதுமாயிருந்தன. பொறியின் இரைச்சலோ அடுத்த வீட்டாரையும் எழுப்பியது. பின்னர் மயூர் விஹாருக்குக் குடிபெயர்ந்தபோதும் பழைய போர்வையொன்றில் சுற்றி அதனையும் லாரியில் ஏற்றினோம். கபாடிவாலா வந்து கிலோக் கணக்கில் விலை சொன்னபோதெல்லாம் மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று அப்போது எங்களை நாங்கள் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

சென்ற ஆண்டு எம் பேரன் தன் பள்ளியில் நடைபெறவிருந்த பழம்பொருள் கண்காட்சிக்கு அதனைக் கீழே இறக்கினான். பொருளோடு ஓர் அட்டையும் வைக்க வேண்டுமாம். பொருளின் பெயர், வாங்கிய ஆண்டு, செய்யப்பட்ட விதம், பயன்படுத்தியவர் என நான்கு வரிகள். முதல் மூன்றையும் விரைந்து நிரப்பினோம். நான்காவது வரியில் எங்கள் பெயரை எழுதப் போன பேனா நின்றுவிட்டது. “ஏன் தாத்தா நிறுத்திவிட்டீர்கள்?” என்றான். விடை சொல்ல இயலவில்லை. அந்த வரி ஏன் நிரம்பவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சேகரிப்போர் உலகம்

தபால் தலையையும் நாணயத்தையும் சேகரிப்போரை நாம் அறிவோம். பழைய தூசி உறிஞ்சிகளைத் தேடித் தேடிச் சேர்ப்போரும் உலகில் உண்டு என்றால் சிலர் நகைக்கக்கூடும். அமெரிக்காவில் இவர்களுக்கெனத் தனிச் சங்கமே இருக்கிறது. ஒகாயோ மாநிலத்து வடக்குக் கேன்டனில், ஹூவர் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் சிறுவனாய் வாழ்ந்த இல்லத்திலேயே 1978இல் இப்பொறிகளுக்கென ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது. சேகரிப்போர் பழைய பொறியைக் கழற்றுகிறார்கள், தேய்ந்த கரித்துண்டுகளை மாற்றுகிறார்கள், இற்றுப்போன ரப்பர்ப் பட்டைக்கு வேறு பட்டை இடுகிறார்கள், துணிப்பையைத் தைக்கிறார்கள், பின்னர் அதனை ஓடவிட்டு அதன் ஒலியைக் கேட்டு மகிழ்கிறார்கள். தேர்ந்த சேகரிப்பாளருக்கு ஒலியே போதும். எந்த நிறுவனத்தின் எந்தப் பொறி என்று சொல்லிவிடுவார்.

இதனை வெறும் கிறுக்கு என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. தனக்கு இனிப் பயன்படாத ஒன்றைக் கெடாமல் வைத்திருப்பதில் ஒருவகை நன்றியுணர்வு இருக்கிறது. அதனைச் செய்தவனின் அறிவு வீணாகலாகாது என்னும் பரிவும் இருக்கிறது. பழைய பொறிகளின் திருகாணிகளைக் கழற்ற முடியும். கழற்றினால் உள்ளே நடப்பது விளங்கும். ஒட்டி மூடப்பட்டு, பழுதானால் எறிந்துவிடவே செய்யப்பட்ட பொருள்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், செப்பனிடும் கை ஒரு நல்லொழுக்கத்தின் அடையாளம் எனலாம்.

ஒவ்வொரு பொறிக்கும் ஒரு வரலாறும் உண்டு. 1901இல் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், தூசியை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றின் செய்முறைக் காட்சியைக் கண்டார். ஊதினால் தூசி இடம் மாறுமேயன்றி ஒழியாது. உறிஞ்சினால் என்ன என்று எண்ணினார். உணவகத்து நாற்காலியொன்றின் மீது கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்புறத்தில் தூசி கறையாகப் படிந்தது. அக்கறையிலிருந்து பிறந்ததே அவருடைய பொறி. அது வீட்டுக்குள் நுழையக்கூடியதாய் இல்லை. குதிரைகள் இழுத்து வந்த வண்டியில் எண்ணெய் எஞ்சினோடு தெருவிலேயே நிற்கும். நீண்ட குழாய்கள் மட்டும் சன்னல் வழியே உள்ளே செல்லும். 1902இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் கம்பளங்களையும் அது துப்புரவு செய்தது.

மின்சாரம் எட்டாத வீடுகளுக்குக் கைத்துருத்திப் பொறிகள் வந்தன. ஒருவர் துருத்தியை இயக்கிக் கொண்டேயிருக்க, மற்றொருவர் குழாயைப் பிடித்துக் கம்பளத்தின் மீது நகர்த்த வேண்டும். இவை இன்று சேகரிப்போரிடத்துப் பெருமதிப்புப் பெற்றவை. மரவேலையின் நயத்தையும் பித்தளையின் பளபளப்பையும் அவர்கள் விரித்துரைப்பார்கள். துருத்தியை இயக்கியவரின் தோள்வலியைப் பற்றிய பேச்சு அதில் அரிது.

ஒப்பிடும் முறை

சேகரிப்பவர் விரைவில் ஒப்பிடுபவராகவும் ஆகிவிடுகிறார். எது சிறந்தது என்று கேளாமல் அவரால் இருக்க இயலாது. குழாயின் வாயை அடைத்து, நீரை எவ்வளவு உயரத்துக்குத் தூக்க வல்லது என்று அளப்பது ஒரு முறை. முழு வெற்றிடம் நீரை ஏறத்தாழ 10 மீட்டர் தூக்கும். வீட்டுப் பொறிகளில் நல்லவை தூக்குவது சுமார் 2 மீட்டர்தான். பெயரில் வெற்றிடம், செயலில் ஐந்தில் ஒரு பங்கு! ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று அளப்பது மற்றொரு முறை. மணலும் டால்க் பொடியும் கலந்த கலவையை நிறுத்துக் கம்பளத்தில் தேய்த்து, பொறியை ஓட்டியபின் எவ்வளவு திரும்ப வந்தது என்று காண்பது மூன்றாவது.

ஒப்பிடுவோர் கற்றுக்கொள்ளும் முதற்பாடம் ஒன்றுண்டு: தரையை மறந்து பொறியைத் தீர்ப்பிடலாகாது. 1926இல் வந்த ஹூவர் 700 கம்பளத்தைத் தட்டித் தட்டி, அடியில் புதைந்த மணலை மேலே எழுப்பி உறிஞ்சியது. சுவரோடு சுவராகக் கம்பளம் விரித்த வீட்டுக்கு அது வரம். 1921இல் சுவீடனில் எலக்ட்ரோலக்ஸ் வெளியிட்ட உருளைப் பொறியோ, சறுக்குக் கட்டைகள் மீது தரையோடு தரையாக இழுபட்டு, மரத்தரையிலும் கட்டிலின் அடியிலும் எளிதாகப் புகுந்தது. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பது, உழவுமாடு உயர்ந்ததா வண்டிமாடு உயர்ந்ததா என்று கேட்பது போன்றது. 1936இல் ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்த ஹூவர் 150, 1937இல் லுரெல் கில்டு வடிவமைத்த எலக்ட்ரோலக்ஸ் 30 ஆகியவற்றை அழகுக்காகவே போற்றுவோர் உண்டு. 1950களில் ஹூவர் நிறுவனம், தான் வெளிவிடும் காற்றின் மீதே மிதந்து நகரும் உருண்டை வடிவப் பொறியொன்றையும் செய்தது. அழகுக்கும் ஓர் அளவு வேண்டும்; ஆனால் அதனை நீரின் உயரத்தால் அளக்க முடியாது.

இரண்டாம் பாடம் இன்னும் ஆழமானது. அளவுகோல் எதனை அளக்கிறதோ அதுவே நம் கண்ணுக்குத் தெரிகிறது, அளக்காதது இல்லாததாகிவிடுகிறது. பழைய துணிப்பைப் பொறி கம்பளத்திலிருந்து எவ்வளவு எடுத்தது என்று மட்டும் நிறுத்துப் பார்த்தால் அது சிறந்த பொறியே. துணியின் இழைகளினூடே மிக நுண்ணிய தூசி கசிந்து, அறையின் காற்றிலேயே மீண்டும் கலந்ததை அந்தத் தராசு காட்டாது. நுண்துகளையும் தடுக்கும் வடிகட்டிகள் வீட்டுப் பொறிகளில் பரவலானது பின்னரே. பை நிரம்பியபின் அதனை உதறியவர் முகத்தில் படிந்த தூசியையும் எந்தத் தராசும் காட்டாது.

பழகியவர் அறிந்த மற்றொரு செய்தியும் சொல்லத்தக்கது. குழாய் அடைபட்டுவிட்டால் பொறியின் இரைச்சல் குறையாது, கீச்சென்று உயரும். தள்ளுவதற்குக் காற்று இல்லாமையால் விசிறியின் சுமை குறைந்து, மோட்டார் முன்னைவிட விரைவாகச் சுழல்கிறது. வேலை நின்றபோதுதான் ஆரவாரம் மிகுகிறது. இது பொறிக்கு மட்டும் உரிய இயல்பு அன்று என்பதை வாசகர் அறிவர்.

பெயர் பெற்றவரும் பெயர் இழந்தவரும்

ஆங்கிலேயர் பேச்சில், தூசி உறிஞ்சியால் தரையைத் துப்புரவு செய்வதற்கே ‘ஹூவர்’ என்னும் பெயர் வினைச்சொல்லாகி வழங்குகிறது. அப்பொறியைக் கண்டுபிடித்தவர் ஹூவர் அல்லர். ஒகாயோவின் கேன்டன் நகரில், ஒரு பல்பொருள் அங்காடியில் தரை பெருக்கும் காவலராய்ப் பணியாற்றிய ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்ளர் என்பவரே அவர். ஆஸ்துமா நோயாளியாகிய அவரைப் பெருக்கும்போது எழுந்த தூசி வருத்தியது. மின்விசிறி மோட்டார், சவர்க்காரப் பெட்டி, துடைப்பக் கழி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்துத் தம் மூச்சுக்காகவே ஒரு பொறியைச் செய்தார். 1908இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தொழிலாக வளர்க்கப் பணமில்லை. தோல் பொருள்கள் செய்து விற்றுவந்த வில்லியம் ஹூவர் உரிமையை விலைக்கு வாங்கினார். 1915இல் ஸ்பாங்க்ளர் மறைந்தார். பொறி ஹூவர் ஆயிற்று.

இதில் வஞ்சனை எதுவும் இருந்ததாக நாம் சொல்லவில்லை. ஹூவர் விலை கொடுத்தே வாங்கினார். நாம் கவனிப்பது வேறொன்று. தூசியை நுகர்ந்து துன்புற்றவனின் மூச்சிலிருந்து பிறந்த கருவி, அவன் பெயரைத் தாங்கவில்லை. இலண்டனின் மேற்கே பெரிவேலில் 1930களில் எழுந்த ஹூவர் ஆலையின் வெண்ணிற முகப்பு இன்றும் அழகுறக் காக்கப்பட்டு நிற்கிறது. உற்பத்தி 1982இல் நின்றுபோயிற்று. பின்புறம் பேரங்காடியாயிற்று, முகப்புக் கட்டடம் குடியிருப்பாயிற்று. கட்டடத்தைக் காத்தார்கள், நன்று. அங்கே உழைத்தவர்களின் கைகளை எந்தச் சட்டத்தால் காப்பது?

கருவி வந்தபின் உழைப்பு குறைந்ததன்றோ என்று சிலர் கேட்பர். அமெரிக்க வரலாற்றறிஞர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இக்கேள்வியை ஆராய்ந்தார். அவர் கண்ட விடை எதிர்பாராதது. முன்பு கம்பளத்தை வெளியே தூக்கிச் சென்று அடித்து உதறும் வேலையில் ஆடவரும் சிறுவரும் பணியாளரும் பங்கு கொண்டனர். பொறி வந்தபின் அப்பணி முழுவதும் இல்லத்தரசி ஒருத்தியின் மேல் விழுந்தது. ஆண்டுக்கு ஓரிரு முறை செய்தது வாரந்தோறும் செய்ய வேண்டியதாயிற்று. தூய்மையின் தரம் உயர்ந்தது. அவள் ஓய்வு உயரவில்லை. வேலை தீரவில்லை, ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாறியது.

நான்காவது வரி

இந்தியாவில் இந்தக் கதைக்கு வேறொரு முகம் உண்டு. 1982இல் ஃபோர்ப்ஸ் நிறுவனமும் எலக்ட்ரோலக்சும் கூட்டாகத் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ், வீடு வீடாகச் சென்று இப்பொறியை விற்கும் முறையை நம் நகரங்களில் பரப்பியது. மேலைநாட்டில் பொறி பெரும்பாலும் இல்லத்தரசியின் கைக்குப் போயிற்று. நம் நகரங்களிலோ, அது பல வீடுகளில் ஏற்கெனவே துடைப்பத்தைப் பிடித்திருந்த கைக்கே போயிற்று.

எங்கள் வீட்டிலும் அவ்வாறே. முதல் ஞாயிறன்று நாங்களே பொறியை இயக்கி, அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டினோம். மறுவாரமே அது எங்கள் வீட்டில் பெருக்கித் துடைக்க வந்த அம்மாளின் கைக்கு மாறியது. ‘மாயி’ என்று அழைப்போம். அவர் அப்பொறியை முதன்முதல் கண்டபோது வியக்கவில்லை. இனித் தாம் வரவேண்டாமா என்று மெல்லக் கேட்டார். அவ்வாறெல்லாம் இல்லை என்று பெருந்தன்மையோடு சொன்னோம். ஆனால் பொறி வந்துவிட்டபடியால் வேலை குறைந்துவிட்டது என்று கணக்கிட்டு, அவருடைய மாதச் சம்பளத்தில் 15 ரூபாயைக் குறைத்தோம். பொறியை இழுத்தவர் அவரே. பையைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய் உதறியவரும் அவரே. உதறிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவார். தவணையை நாங்கள் கட்டினோம் என்று அந்நாளில் நினைத்திருந்தோம். அதில் ஒரு பங்கை அவரும் கட்டினார் என்பதை இப்போது உணர்கிறோம்.

1988 தீபாவளிக்குப் பொறி பரணேறிற்று. மாயி மீண்டும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். குறைத்த 15 ரூபாயை நாங்கள் திரும்பக் கூட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காததால் அது எங்கள் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பாதி உண்மை. நினைவுக்கு வராதிருப்பது எங்களுக்கு வசதியாயிருந்தது என்பது மறுபாதி. 1993 தீபாவளியை ஒட்டி மயூர் விஹாருக்கு வந்தோம். பொறியைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தோம். மாயிக்கு ஒரு புடவை கொடுத்து விடைபெற்றோம். அவருடைய இயற்பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. பேனா நின்றது இதனால்தான்.

பொருளைப் பேணுதல் நன்றியுணர்வு என்று முன்னர்ச் சொன்னோம். அதனை இப்போது திருத்திச் சொல்ல வேண்டும். பொருளை மட்டும் பேணுதல் நன்றியின் நிழல். நிழலைப் பேணுவது எளிது. அது உண்ணக் கேட்காது, கூலி கேட்காது, நாம் ஊர் மாறினால் உடன்வர மறுக்காது. கருவியைப் போற்றுவோரிடம் உள்ள ஆபத்து இதுவே: பேசாத பொருளிடம் காட்டும் பரிவு, பேசக்கூடிய மனிதரிடம் காட்டவேண்டிய நியாயத்துக்கு ஈடாகிவிட்டது என்று மனம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும்.

அதற்காகச் சேகரிப்பதே தவறு என்று நாம் முடிவுகட்ட வேண்டியதில்லை. பரணிலிருந்து அப்பொறி இறங்கியிராவிடில் மாயியும் எங்கள் நினைவில் இறங்கியிரார். கபாடிவாலாவின் தராசில் 1993லேயே அது போயிருந்தால், கடனும் அதனோடு போயிருக்கும். கடன்பட்ட நெஞ்சு இன்று இத்துணை அமைதி இழந்திராது. பழம்பொருளின் உண்மைப் பயன் இதுதான் போலும். நாம் எவ்வளவு முன்னேறினோம் என்பதற்கு அது சான்று. யாருடைய தோள்மேல் ஏறி முன்னேறினோம் என்பதற்கும் அதுவே சான்று. அச்சான்றினை முழுவதும் படிப்பவரே நல்ல சேகரிப்பாளர்.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு எங்களுக்கு எட்டிய விடை இது. எந்தப் பொருளோடு எவருடைய உழைப்பு பிணைந்துள்ளது என்று சொல்ல முடிகிறதோ, அதனைப் பேணுவோம், சொல்லியே பேணுவோம். அவ்வாறு எதுவும் சொல்ல இயலாமல், விலை கொடுத்தோம் என்னும் பற்றினால் மட்டுமே இடத்தை அடைத்துக் கிடப்பதைத் தயங்காமல் போகிக்கு விடுவோம். ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களுக்கு இது பெரிதும் பொருந்தும். ஒவ்வொரு மாற்றலின்போதும் எதனை லாரியில் ஏற்றுவது என்று பட்டியலிட்டுப் பழகியவர்கள் நாம். அப்பட்டியலில் பித்தளை அண்டா இருக்கும், தையற்பொறி இருக்கும், கொலு பொம்மைகள் இருக்கும். அந்த ஊரில் நம் வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தவரின் பெயர், ஊர், அவருக்கு நாம் தரவேண்டிய பாக்கி ஆகியவற்றுக்கு ஒரு வரியாவது அதில் இருந்ததுண்டா?

பேரனின் அட்டையை மறுநாள் நிரப்பிக் கொடுத்தோம். நான்காவது வரி, இடம் போதாமல் பின்பக்கமும் சென்றது. ‘பயன்படுத்தியவர்: மாயி என்று நாங்கள் அழைத்த அம்மாள். பெயர் கேட்காதது எங்கள் பிழை. பொறி நின்றபின்னும் குறைத்தே கொடுத்த சம்பளம், 60 மாதங்களுக்கு மாதம் 15 ரூபாய் வீதம் 900 ரூபாய். இன்னும் கொடுக்கப்படவில்லை.’

பேரன் அதனைப் படித்துவிட்டு, “இப்போது வீட்டுக்கு வருகிறார்களே, அந்த அக்காவின் பெயர் என்ன தாத்தா?” என்று கேட்டான். எழுந்து சென்று, அவரிடமே கேட்டு வந்து சொன்னோம்.